பொதுச்சுவர் வீடும் புதுப் பெயிண்ட்டும்: வாசகர் கேள்வி – பதில்

தொண்டி, தேவிபட்டினம், பெரியபட்டினம், கீழக்கரை எனக் கடலோர ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம். நூறு வயது தாண்டிய பொதுச்சுவர் வீடு (பக்கத்து வீட்டோடு ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் வீடு), ‘முழுக்கப் புதுப்பித்தது’ என்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று கேட்கிறார்கள். அதனால் இந்த இதழ் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். கட்டடம் சம்பந்தப்பட்ட கேள்விகளுக்குக் கட்டடப் பொறியாளரும், பத்திரம் சம்பந்தப்பட்டவற்றுக்கு வழக்கறிஞரும் பதில் தருகிறார்கள்.

கேள்வி: பெரியபட்டினத்தில் ஒரு வீடு பார்த்திருக்கிறோம். 1900 வாக்கில் கட்டியது என்கிறார்கள். இரண்டு வருடம் முன்பு உள்ளும் புறமும் சிமெண்ட் பூசி, புட்டி வைத்து, பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். முதலில் போனபோது பளிச்சென்று இருந்தது. பத்து நாள் கழித்துப் போனால், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் பெயிண்ட் கொப்பளித்து வெள்ளைப் பொடி கொட்டிக் கிடக்கிறது. ‘பெயிண்ட் மட்டம், நல்ல கம்பெனிப் பெயிண்ட் அடித்தால் சரியாகிவிடும்’ என்கிறார் விற்பவர். சரியாகுமா?

ஆகாது. கோளாறு பெயிண்ட்டில் இல்லை. அந்தப் பொடியில் ஒரு சிட்டிகை எடுத்து நீரில் போடுங்கள். கரைந்துவிட்டால் உப்பு, கரையாமல் அடியில் தங்கினால் புட்டித் தூள். நம் கரையோரத்தில் பெரும்பாலும் உப்பாகத்தான் இருக்கும்.

இந்த வீடுகளின் சுவர் செங்கல்லோ, கடற்கரை மணற்பாறையோ, பவளப்பாறைக் கல்லோ வைத்து, கிளிஞ்சல் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. ஒன்றரை அடி, இரண்டடி கனம் இருக்கும். அடியில் ஈரத்தடுப்புப் பட்டை கிடையாது. மண்ணின் ஈரம் சுவரில் ஏறும், சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியே காய்ந்து போகும். கட்டியவர்கள் தெரிந்தே செய்த ஏற்பாடு இது. அதன்மேல் முக்கால் அங்குலம் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறுகிறது. முன்பு ஒரு முழ உயரத்தில் நின்றது நாலடிக்குப் போய்விடும்.

ஈரம் தனியாகவும் வருவதில்லை, உப்பைக் கூட்டிக்கொண்டு வருகிறது. மழைக்காலத்தில் அடுப்படி உப்புச் சாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையும், அதற்குக் கீழே இறங்கினால் மறுபடி படிகமாகும். கடலோரத்தில் இரவு கரைவதும் நடுப்பகலில் படிகமாவதும் பல நாட்களில் நடக்கிற காரியம். படிகமாகும்போது அது பூச்சின் துளைகளை உள்ளிருந்து நெம்புகிறது. எந்தக் கம்பெனிப் பெயிண்ட்டும் அந்த நெம்புதலைத் தாங்காது.

வாங்குமுன் நீங்களே சில சோதனைகள் செய்யலாம். ஓரடிச் சதுரப் பாலித்தீன் தாளைத் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் சுவரோடு ஒட்டி, நாலு ஓரமும் டேப் போட்டு, இரண்டு நாள் விடுங்கள். நீர்த்துளி தாளின் உட்புறம், அதாவது சுவர்ப்பக்கம் கோத்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்புறம் மட்டும் இருந்தால் அது அறைக்காற்றின் ஈரம். ஒரு ரூபாய் நாணயத்தால் சுவரைத் தட்டிக்கொண்டே போங்கள். ‘டொக் டொக்’ என்று கேட்டால் பூச்சு சுவரை விட்டுவிட்டது. ஹாலிலும் படுக்கையறையிலும் நாலடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டியிருந்தால் காரணம் கேளுங்கள். குளியலறையில் ஒட்டுவது வழக்கம். படுக்கையறையில் ஒட்டுவதற்குப் பெரும்பாலும் இந்த உப்புதான் காரணம்.

வாசற்படியையும் பாருங்கள். முன்பு தெருவிலிருந்து மூன்று படி ஏறிப் போன வீட்டுக்கு இப்போது ஒரு படி இறங்கிப் போகவேண்டியிருந்தால், சாலைமேல் சாலை போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது. மழைத்தண்ணீர் சுவரின் அடியிலேயே நிற்கும். உள்ளே என்ன செய்தாலும் இதைச் சரிசெய்யாமல் ஈரம் போகாது.

சரிசெய்ய வழி உண்டு, ஆனால் மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். உப்பு தெரிகிற உயரத்துக்கு மேல் இன்னும் ஓரடி வரை சிமெண்ட் பூச்சை முழுவதும் கொத்தி எடுக்கவேண்டும். டிரில் வைத்து அடித்தால் பழைய கல் உடையும், கை உளிதான் சரி. கல் இணைப்புகளில் உதிர்ந்த சாந்தை ஓர் அங்குல ஆழத்துக்குச் சுரண்டுங்கள். பிறகு தை முதல் சித்திரை வரை சுவரை வெறுமனே காய விடுங்கள். பூக்கிற உப்பை வாரம் இருமுறை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, கீழே விரித்த சாக்கில் பிடித்து அப்புறப்படுத்துங்கள். தண்ணீர் விட்டுக் கழுவவே கூடாது. கழுவினால் வெளியே வந்த உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். பலர் தவறுவது இங்கேதான்.

அதன்பின் நீற்றிக் குறைந்தது 15 நாள் ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, நல்ல தண்ணீரில் கழுவிய மணல் மூன்று பங்கு கலந்து, அரை அங்குலத்துக்கு மிகாத கைகளாக (அடுக்குகளாக) இரண்டோ மூன்றோ பூசலாம். ஒவ்வொரு கையும் இறுகிய பிறகே அடுத்தது. ஈரச்சாக்கு போட்டு ஏழு நாள் பதமாக வைக்கவேண்டும். மேலே சுண்ணாம்பு அடிப்பதே போதும். புட்டியும் பிளாஸ்டிக் எமல்ஷனும் வேண்டாம். இந்தப் பூச்சு மிச்ச உப்பை வாங்கிக்கொண்டு சில வருடத்தில் தானே உதிரும். உதிர்ந்ததை எடுத்துவிட்டு மறுபடி பூசவேண்டியதுதான். கல்லைக் காப்பாற்றப் பூச்சைப் பலி கொடுக்கிறோம். இந்த வேலைக்கான செலவைக் கொத்தனாரிடம் எழுதி வாங்கி, விலையில் குறைத்துப் பேசுங்கள். வீட்டை வேண்டாம் என்று சொல்ல இது மட்டும் காரணமாகாது.

ஒன்றை மறக்காதீர்கள். சுவர் பவளப்பாறைக் கல்லாக இருந்தால், பழுதுபார்க்கப் புதுக் கல் கிடைக்காது, தேடவும் கூடாது. பவளம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் பவளப்பாறை வெட்டியதால் தீவுகளே கடலுக்குள் போயின. பழைய வீட்டை இடித்த கல்லோ, நன்கு வெந்த செங்கல்லோ சுண்ணாம்புச் சாந்தில் வைத்துக் கட்டலாம்.

கேள்வி: கெமிக்கல் ஊசி போட்டு ஈரத்தை நிறுத்தலாம் என்று ஒரு காண்ட்ராக்டர் சொல்கிறார். பத்து வருட உத்தரவாதமும் தருகிறாராம். – ஏர்வாடி வாசகர்

ஒரே சீரான, ஒன்பது அங்குலச் செங்கல் சுவரில் ஓரளவு பலன் கிடைக்கும். இரண்டடிக் கனத்தில், நடுவே உடைகல்லும் சாந்தும் கொட்டி நிரப்பிய சுவரில் மருந்து எங்கே போகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. ஏற்கெனவே சுவரில் ஏறிவிட்ட உப்பை அது வெளியேற்றவும் செய்யாது. அந்தப் பணத்தில் சுவரோரத்து மண்ணைத் தாழ்த்தி மழைத்தண்ணீர் ஓட வழி செய்யுங்கள்.

கேள்வி: கீழக்கரையில் ஒரு மட்டப்பா வீடு. பட்டாசாலையிலும் (கூடத்திலும்) இரண்டு அறைகளிலும் ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் அழகாகப் போட்டிருக்கிறார்கள். மேலே 1,000 லிட்டர் டேங்க் இரண்டு இருக்கின்றன. மேல்தளம் பலமாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அந்த சீலிங்குக்கு மேலே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்காதீர்கள்.

பழைய மட்டப்பா என்பது தேக்கு உத்திரம், அதன்மேல் சுமார் ஒன்றரை அடிக்கு ஒன்றாகத் தேக்கோ வைரம் பாய்ந்த பனையோ கொண்ட சட்டம், சட்டங்களின் மேல் ஓர் அங்குலக் கனமுள்ள சிறு செங்கற்களைக் குத்தலாகச் சாய்கோணத்தில் நிறுத்திச் சுண்ணாம்பில் கட்டிய தளம், அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இடித்த மூன்று நாலு அங்குலக் காரை, எல்லாவற்றுக்கும் மேல் தட்டோடு. சரியாகப் பராமரித்தால் இன்னும் பல தலைமுறை நிற்கும். அது கெடுவது பெரும்பாலும் ஒரே இடத்தில். சட்டத்தின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும் கடைசி அரையடிதான் அந்த இடம். மேலிருந்து கசிந்த தண்ணீரும் சுவரின் ஈரமும் அங்கேதான் சேரும், கரையானும் அங்கேதான் நுழையும். நடுச்சட்டம் கல்போல் இருக்க, முனை மட்டும் நமத்த ரொட்டியாக இருப்பது சகஜம்.

பார்ப்பதற்கு சீலிங்கை உடைக்கத் தேவையில்லை. அதில் பதித்த வட்ட விளக்குகள் இரண்டு ஸ்பிரிங் கவ்வியில்தான் நிற்கின்றன. மெயினை அணைத்துவிட்டு, சுவரோரத்து விளக்கை இரு கையாலும் மெதுவாகக் கீழே இழுத்தால் கழன்று வரும். மூன்று நாலு அங்குலத் துளை கிடைக்கும். அதற்குள் போனின் டார்ச்சைப் போட்டு வீடியோ எடுத்து, பிறகு நிதானமாகப் பெரிதாக்கிப் பாருங்கள். சட்டத்தில் மண்கோடு ஓடினால் கரையான். முனைப்பக்கம் கறுத்து, வெண்பூசணம் தெரிந்தால் மக்கல். சுவரருகே செங்கல் தளத்தில் ஈரத் தடமிருந்தால் இப்போதும் கசிகிறது. சட்டம் கைக்கு எட்டினால் சின்ன ஸ்க்ரூடிரைவரால் முனையருகே குத்துங்கள். நல்ல தேக்கில் நுனி பதியவே பதியாது. கால் அங்குலத்துக்கு மேல் சுலபமாக இறங்கினால் அந்தச் சட்டம் போச்சு. ‘கழற்றக்கூடாது’ என்று விற்பவர் தடுத்தால், மேல்தளம் முழுவதும் பழுது என்று வைத்துக்கொண்டே விலை பேசுங்கள்.

சீலிங் இல்லாத அறையில் எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே சட்டத்தை ஒட்டி நூல் கட்டி, நடுவில் எவ்வளவு தொய்வு என்று அளக்கலாம். 12 அடி நீளச் சட்டத்தில் 10 மில்லிமீட்டர் வரை தொய்வு பழைய மரத்துக்கு இயல்பு. 20 மில்லிமீட்டரைத் தாண்டினால் பொறியாளரைக் கூப்பிடாமல் முடிவெடுக்க வேண்டாம்.

இனி பாரம். கசிவுக்கு மருந்தென்று மேலே சிமெண்ட் காரை போடுவது பலர் செய்கிற தவறு. பத்தடிக்குப் பத்தடி அறைமேல் ஓர் அங்குலக் காரை மட்டுமே கிட்டத்தட்ட அரை டன் எடை. சிமெண்ட் வெயிலில் வெடிக்கும். வெடிப்பில் இறங்கிய தண்ணீர் மேலே காயமுடியாமல் சட்டத்துக்கே போகும். டேங்க் நிறைந்தால் ஒன்று ஒரு டன் இருக்கும். அறையின் நடுவே நிற்கும் டேங்க் ஆபத்து. இரண்டு சுவர்கள் சேரும் மூலைக்கு நேர்மேலே, சுவரிலிருந்து சுவருக்குப் போட்ட இரும்பு கர்டரின்மேல் இருந்தால் சரி. உங்களுக்கு இரண்டும் எங்கே இருக்கின்றன என்று மேலே ஏறிப் பாருங்கள்.

முனை மட்டும் கெட்ட சட்டத்தை முழுதாக மாற்றவேண்டியதில்லை. கீழே முட்டுக் கொடுத்து, கெட்ட பகுதியை அறுத்தெடுத்து, இருபுறமும் இரும்புச் சேனல் வைத்து போல்ட் போட்டு இணைக்கலாம். இரும்புக்குத் துத்தநாகப் பூச்சு அவசியம், இல்லாவிட்டால் உப்புக்காற்று அரித்துவிடும்.

கேள்வி: சுவரை எடுத்து இரண்டு அறையை ஒரே ஹாலாக்கியிருக்கிறார்கள். தப்பா? – மண்டபம் வாசகி

சுவருக்குப் பதில் என்ன வைத்தார்கள் என்பதுதான் கேள்வி. இந்த வீடுகளில் கிட்டத்தட்ட எல்லாச் சுவரும் பாரம் தாங்குபவை. கர்டர் இருக்கவேண்டும். அதன் இரு முனையும் சுவரில் குறைந்தது 9 அங்குலம் உட்கார்ந்து, அடியில் கான்கிரீட் பட்டையின்மேல் இருக்கவேண்டும். சுண்ணாம்புச் சுவரில் நேரடியாக வைத்தால் கல் நொறுங்கி, முனைக்குக் கீழே சாய்வாக வெடிப்பு இறங்கும். பெயிண்ட்டுக்கு அடியில் அந்த வெடிப்பு தெரிகிறதா என்று பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். வேலை செய்தபோது எடுத்த போட்டோ கேளுங்கள், இந்தக் காலத்தில் யாராவது எடுத்திருப்பார்கள்.

கேள்வி: எங்கள் மகன் இங்கிலாந்தில் ஒரு கிராமத்தில் ‘விக்டோரியன் டெரஸ்’ வீடு, நவீனமாக்கியது, வாங்கப் போவதாகச் சொல்கிறான். நூற்றைம்பது வருடப் பழசாம். போட்டோ அனுப்பியிருக்கிறான். இருபுறமும் அடுத்த வீட்டோடு ஒட்டிக்கொண்டு, நம் கீழக்கரைத் தெரு போலவே இருக்கிறது. அவனுக்கு என்ன சொல்வது? – தொண்டி வாசகர்

உங்கள் கண்ணுக்குப் பட்டது சரியான ஒற்றுமை. விக்டோரியா ராணியின் காலம் 1837 முதல் 1901 வரை. அப்போது வரிசையாக, பொதுச்சுவர் வைத்துக் கட்டிய வீடுகள் அவை. பெரும்பாலும் 9 அங்குலச் செங்கல் சுவர், சுண்ணாம்புச் சாந்து. நம் வீடுகளைப் போலவே சிமெண்ட் பட்டுத்தான் கெடுகின்றன. வெளிச்சுவர் இணைப்புகளைச் சிமெண்ட்டால் அடைத்திருந்தாலோ, முழுக்கச் சிமெண்ட் பூசியிருந்தாலோ ஈரம் உள்ளே வரும். நமக்கு எதிரி உப்பு, அவர்களுக்குக் குளிரும் விடாத தூறலும். உள்ளே புதிதாகப் பூசிய ஜிப்சம் ஒன்றிரண்டு வருடம் மறைத்து வைக்கும்.

மகனிடம் இவற்றைக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தரைத்தளத்தில் மரப்பலகைத் தரை என்றால் அடியில் வெற்றிடம் இருக்கும். அதற்குக் காற்றுப் போக வெளிச்சுவரின் அடியில் துளைச் செங்கல்கள் வைத்திருப்பார்கள். பின்புறம் புதிதாகத் தளம் போட்டு அவற்றை மூடியிருந்தால் தரைமரம் மக்கும். வெளித்தளம் சுவரின் ஈரத்தடுப்புப் பட்டைக்கு 150 மில்லிமீட்டர் கீழே இருக்கவேண்டும். கணப்புச் சுவரை இடித்து அறையைப் பெரிதாக்குவது அங்கே சாதாரணம். கீழே இடித்துவிட்டு மேலே புகைபோக்கியை அப்படியே விட்டிருந்தால் அதை எது தாங்குகிறது என்பதற்குக் கட்டட விதிகளின்படி கொடுத்த நிறைவுச் சான்று வேண்டும். கூரைக்கு அடியில் அறை எடுத்திருந்தாலும் அதேதான். கூரையில் கற்பலகைக்குப் பதில் கனமான கான்கிரீட் ஓடு போட்டிருந்தால் மரச்சட்டத்தைப் பலப்படுத்தினார்களா என்று பார்க்கவேண்டும்.

வங்கி அனுப்புகிறவர் கடனுக்கு மதிப்புப் போடுகிறவர்தான், வீட்டைச் சோதிக்கிறவர் அல்ல. தனியாகச் சர்வேயர் வைத்து, மூன்றாம் நிலை ஆய்வு எனப்படும் முழு ஆய்வைச் செய்துகொள்ளவேண்டும். பழைய வீட்டுக்கு அதற்குக் குறைந்தது போதாது. கிராமம் என்பதால் கழிவுநீர் பொதுக் குழாய்க்குப் போகிறதா, செப்டிக் டேங்க்கா என்றும் கேட்கவேண்டும். இங்கிலாந்தில் செப்டிக் டேங்க்கிலிருந்து ஓடைக்கு நேரடியாக விட 2020 முதல் அனுமதியில்லை. அப்படிப்பட்ட டேங்க் என்றால் மாற்றும் செலவு பெரிது. பின்வாசல் வழியாக அடுத்த வீட்டார் நடந்துபோக உரிமை உண்டா என்பதும் பத்திரத்தில் இருக்கும்.

பொதுச்சுவரில் கை வைக்க அங்கே 1996-ஆம் வருடத் தனிச்சட்டம் இருக்கிறது. பொதுச்சுவரில் செய்கிற வேலைக்கு இரண்டு மாதம் முன்பே பக்கத்து வீட்டாருக்கு எழுத்தில் அறிவிப்புத் தரவேண்டும். இன்னொன்றும் உங்கள் மகனுக்குத் தெரிந்திருக்கும், நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே விலை பேசி முடித்தாலும், ஒப்பந்தம் மாற்றிக்கொள்ளும் நாள் வரை இருவரில் யாரும் பின்வாங்கலாம். வழக்கமாகப் பத்து சதவீத முன்பணம் அன்றுதான் கைமாறும். அதுவரை நம் ஊர்போல் ‘வாக்குக் கொடுத்தாயிற்று’ என்று நிம்மதியாக இருக்க முடியாது. சோதனைகளை எல்லாம் அந்த நாளுக்குள் முடித்துவிடவேண்டும்.

கேள்வி: வீட்டுக்காரர் காலமாகிவிட்டார். மனைவி, இரண்டு மகன், ஒரு மகள். இளைய மகனுக்கு 15 வயது. ‘பிள்ளைக்கு நான்தானே கார்டியன், நானே கையெழுத்துப் போடுகிறேன்’ என்கிறார் உம்மா. மூத்த மகன் துபாயில், அவர்தான் வீட்டைப் புதுப்பித்தாராம். வாங்கலாமா? – கீழக்கரை வாசகர்

முதலில் வீடு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். கீழக்கரையில் கல்யாணத்தின்போது வீட்டைப் பெண்ணுக்குக் கொடுக்கும் வழக்கம் உண்டு. வீடு அந்த உம்மாவின் பெயரிலேயே இருந்தால் அவர் தாராளமாக விற்கலாம், பிள்ளைகளின் பங்குப் பேச்சே வராது.

வாப்பாவின் பெயரில் இருந்தால் கதை வேறு. அவருடைய பெற்றோர் முன்பே காலமாகியிருந்தால், இஸ்லாமிய வாரிசுமுறைப்படி மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு, மிச்சத்தில் மகளுக்கு ஒன்று என்றால் மகனுக்கு இரண்டு. வீட்டை 40 பங்காக வைத்தால் மனைவிக்கு 5, மகன்களுக்கு ஆளுக்கு 14, மகளுக்கு 7. பெற்றோரில் யாராவது உயிரோடு இருந்தால் அவர்களுக்கும் பங்குண்டு, கணக்கு மாறும். துபாய் மகன் எவ்வளவு செலவழித்துப் புதுப்பித்திருந்தாலும் பங்கு மாறாது.

இளைய மகனின் 14 பங்குதான் சிக்கல். முஸ்லிம் சட்டத்தில் தகப்பனுக்குப் பின் மைனரின் சொத்துக்குக் கார்டியன் தகப்பன் நியமித்தவர், அடுத்துத் தகப்பன்வழிப் பாட்டனார். தாய் பிள்ளையை வளர்க்கலாம், அவன் சொத்தை விற்க அவருக்கு அதிகாரமில்லை. 1918-லேயே பிரிவி கவுன்சில் (அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றம்) தீர்ப்பு இருக்கிறது. தாய் மட்டும் போட்ட கையெழுத்தால் அந்தப் பங்கு உங்களுக்கு வராது. பையன் பெரியவனானதும் கேட்டு வருவான், அவன் பக்கம்தான் நியாயம். 1890-ஆம் வருடக் கார்டியன் சட்டப்படி மாவட்ட நீதிமன்றத்தில் மனு செய்து விற்பனைக்கு அனுமதி வாங்கச் சொல்லுங்கள். பையனின் பங்குப் பணத்தை அவன் பெயரில் டெபாசிட் செய்ய நீதிமன்றம் சொல்லும். தாமதமாகும், ஆனால் வேறு குறுக்குவழி கிடையாது. அப்பாவை இழந்த ஒரு பிள்ளையின் பங்கு இது, அந்த அக்கறையோடுதான் இதை அணுகவேண்டும்.

மூத்தவர் துபாயிலிருந்து பவர் அனுப்பினால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டதாக இருக்கவேண்டும். இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத்தீர்வை கட்டவேண்டும். கிரயத்தன்று அவர் உயிரோடிருப்பதற்கான சான்றும் வேண்டும். அவர் வருமான வரிச் சட்டப்படி வெளிநாட்டுவாசி என்றால், அவருடைய பங்குக்கான தொகை எவ்வளவு சிறியதானாலும் வரி பிடித்துக் கட்டும் பொறுப்பு உங்களுடையது. உள்ளூர் விற்பனையாளருக்கு உள்ள 50 லட்சம் வரம்பு இதற்குப் பொருந்தாது. ஆடிட்டரைக் கேட்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

வில்லங்கச் சான்று 30 வருடத்துக்காவது போடுங்கள். ஆனால் அதில் பதிவான பத்திரங்கள்தான் வரும். வாய்மொழியாகக் கொடுத்த ஹிபா (இஸ்லாமிய முறையிலான தானம்) அதில் தெரியாது. சொல்லி, ஏற்று, சுவாதீனமும் ஒப்படைத்துவிட்டால் வாய்மொழி ஹிபாவும் செல்லும். ஆகவே வாரிசுகள் எல்லோரும் கிரயத்தில் கையெழுத்திடவேண்டும். திருமணமாகிப் போன லாத்தா (அக்கா), தங்கை யாரையும் விடக்கூடாது. மனை வக்பு பட்டியலில் இருக்கிறதா என்பதையும் கையோடு பாருங்கள்.

செலவுக்கு முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் எடுத்து வையுங்கள். விற்கும் விலையிலும் வழிகாட்டி மதிப்பிலும் எது கூடுதலோ அதன்மேல்.

கேள்வி: பொதுச்சுவரில் ஏ.சி. குழாய்க்குத் துளை போட்டதற்குப் பக்கத்து வீட்டு மாமி சண்டைக்கு வருகிறார். எங்கள் மாடித் தண்ணீர் அவர் முற்றத்தில் விழுவதையும் மூடச் சொல்கிறார். வீடு வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறது.

துளை விஷயத்தில் மாமி பக்கம்தான் நியாயம். பத்திரத்தில் ‘பொதுச்சுவர்’ என்று இருந்தால் அது இருவருக்கும் சொந்தம். உங்கள் பக்க முகத்தில் ஆணி அடிக்கலாம், அலமாரி மாட்டலாம். ஊடுருவித் துளைப்பதற்கும், உயர்த்திக் கட்டுவதற்கும், கர்டர் ஏற்றுவதற்கும் அவர் சம்மதம் வேண்டும், அதுவும் எழுத்தில். துளையைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைத்துவிட்டு, குழாயைத் தெருப்பக்கச் சுவர் வழியாகக் கொண்டுபோங்கள். வயரிங்குக்கும் இந்தச் சுவர்களில் காடி வெட்டாமல் மேலோட்டமாகப் பைப் போடுவதே நல்லது.

தண்ணீர் விஷயம் வேறு. 1882-ஆம் வருட வசதியுரிமைச் சட்டப்படி, 20 வருடம் இடையறாமல், உரிமையாக, வெளிப்படையாக அனுபவித்திருந்தால் அது உரிமையாகும். வீடு கைமாறினாலும் அது வீட்டோடு வரும். முந்தைய உரிமையாளர்களின் காலத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் புதிதாக மாடி எடுத்து அதிகத் தண்ணீரை விட அந்த உரிமை இடம் தராது. நல்ல யோசனை, அந்தத் தண்ணீரை நீங்களே பிடித்துக்கொள்வது. 1,000 சதுர அடி மாடியில் வருடத்துக்கு 800 மில்லிமீட்டர் மழை பெய்தால், ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் சுமார் 60,000 லிட்டர் கிடைக்கும். கிணறெல்லாம் உவர்ப்பாகிவிட்ட நம் ஊரில் அதை முற்றத்தில் கொட்டுவானேன்? மாமியும் சமாதானமாவார்.

கேள்வி: தேவிபட்டினம் பக்கம் கடலைப் பார்த்த வீடு. கடலிலிருந்து 120 மீட்டர் இருக்கும். பழைய கீழ்வீட்டுக்கு மேல் போன வருடம் புது மாடி எடுத்திருக்கிறார்கள். ஏதாவது தடை இருக்குமா?

கீழ்வீட்டுக்குப் பெரும்பாலும் இராது, மாடிக்கு இருக்கலாம். கடலோர ஒழுங்குமுறை விதி உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை பொருந்தும். கிராமப்புறக் கரையில் 200 மீட்டர் வரை புதுக் கட்டுமானம் கூடாத பகுதி. 2019 விதியில், சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊருக்கு அது 50 மீட்டர். உங்கள் மனைக்கு எது பொருந்தும் என்பது ஒப்புதல் பெற்ற கரையோர வரைபடத்தைப் பொறுத்தது. அளப்பதும் அலை அடிக்கும் இடத்திலிருந்து அல்ல, அந்த வரைபடத்தில் உள்ள கோட்டிலிருந்துதான். அனுமதி பெற்ற பழைய கட்டடத்தை அதே அடித்தளம், அதே அளவில் பழுதுபார்க்கலாம், திருப்பியும் கட்டலாம். கூட்டிக் கட்ட முடியாது.

விற்பவரிடம் இரண்டு காகிதம் கேளுங்கள். முதல் கடலோர விதி வந்த 1991 பிப்ரவரி 19-க்கு முன்பே வீடு இருந்ததைக் காட்டும் வீட்டுவரி ரசீதோ பத்திரமோ ஒன்று. மாடிக்கான வரைபட அனுமதியும் கடலோர அனுமதியும் இன்னொன்று. இரண்டாவது இல்லையென்றால் மாடிக்கு ஒரு பைசாகூட விலை போடாதீர்கள்.

புது மாடியின் கான்கிரீட்டையும் பாருங்கள். உவர்நீரில் குழைத்திருந்தால் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்து, சீலிங்கில் கம்பி ஓடும் வரியாகப் பழுப்புக் கோடு விழும். கம்பி கலந்த கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. கடலோரத்தில் கம்பிக்குமேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மறைப்பும் இருக்கவேண்டும். ஒரே வருடத்தில் பழுப்புக் கோடு தெரிந்தால், அந்த மாடியை இறக்கும் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு விலை பேசுங்கள்.